ஒரு பாட்டுக்காக இரண்டு சிடி: பென்னி குட்மனின் கார்னகி ஹால் கச்சேரி, 1999 பதிப்பு

ஸ்விங் இசையை, அதாவது 1930-களின் அமெரிக்க ஜாஸ் நடன இசையை, இதுவரை கேட்டதே இல்லை, எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் இந்தத் தொகுப்பை அவர் கையில் கொடுக்க மாட்டேன். ஆரம்பம் முதல் கடைசிவரை கரகரவென்று இரைச்சல், முதல் நிமிடத்திலேயே "ஸ்பீக்கர் போச்சா?" என்று கேட்டு நிறுத்திவிடுவார். ஆனால் 'சிங், சிங், சிங்' என்ற அந்த ஒரு பாட்டு உங்களை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது, எங்கேயோ விளம்பரத்திலோ நடன வீடியோவிலோ அந்த டிரம்ஸைக் கேட்டுவிட்டு இது என்னவென்று தேடிப் போனவர் நீங்கள் என்றால், இது இல்லாமல் உங்கள் தேடல் பாதியில்தான் நிற்கும்.

தொகுப்பு இதுதான்: 1938 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூயார்க் கார்னகி ஹாலில் கிளாரினெட்காரர் பென்னி குட்மனின் குழு வாசித்த முழுக் கச்சேரி. கொலம்பியா நிறுவனம் இதை 1950-ல் எல்பியாக (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டாக) வெளியிட்டது, பிறகு சிடியாகவும் வந்தது, 1999-ல் ஃபில் ஷாப் என்ற ஜாஸ் ஆய்வாளர் மூலத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து தயாரித்துக் கொடுத்தார். நான் எழுதுவது இந்த 1999 பதிப்பைப் பற்றி. இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், பழைய சிடி விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் சிடியைப் பிடித்துக்கொள்ளும் நடுப் பற்கள் உடைந்து, இரண்டாவது சிடி உள்ளே உருண்டுகொண்டிருந்தது. விற்றவர் 'மிக நல்ல நிலையில்' என்றுதான் போட்டிருந்தார். சரி, பாட்டு ஓடியது, விட்டுவிட்டேன்.

இதை வாங்குவதற்கு முன்னால் பாட்டின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்பது புரியும்.

எழுதியவர் பென்னி குட்மன் இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பெட்டி மேலே அவர் பெயர் இருப்பதால். எழுதியவர் லூயி ப்ரீமா, நியூ ஆர்லியன்ஸ்காரர், டிரம்பெட் வாசிப்பார், பாடுவார், மேடையில் கலாட்டா செய்வார். 1936 பிப்ரவரியில் தன் சின்னக் குழுவோடு பிரன்ஸ்விக் கம்பெனிக்காகப் பதிவு செய்தார். அன்றைய பிரபலப் பாடகர் பிங் கிராஸ்பியை மனதில் வைத்து முதலில் 'சிங், பிங், சிங்' என்று பெயர் வைத்திருந்தாராம், அப்புறம் மாற்றிவிட்டார். நல்லவேளை. அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்: ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் குஷியான பாட்டு, வார்த்தைகள் இருக்கின்றன, ப்ரீமா தன் கரகரத்த குரலில் பாடிவிட்டுப் போகிறார். டிரம்ஸ் பின்னால் எங்கேயோ தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. இதிலிருந்தா அது வந்தது என்று ஆச்சரியமாக இருக்கும்.

அதே வருஷம் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவும் இதை வார்த்தைகளோடு பாடிப் பதிவு செய்தது. குட்மன் குழுவுக்கு ஜிம்மி மண்டி இசைக்கோர்ப்பு எழுதிக் கொடுத்தார், ஹெலன் வார்ட் பாடினார். அதாவது 1936-ல் இது பத்தோடு பதினொன்று, பாடகி எழுந்து வந்து பாடிவிட்டு உட்காரும் இன்னொரு நடனப் பாட்டு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். குட்மன் குழுவில் டிரம்ஸ் ஜீன் க்ருபா. ஒரு இரவு பாட்டு முடிய வேண்டிய இடத்தில் க்ருபா நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போக, வேறு வழியில்லாமல் குட்மன் கிளாரினெட்டை எடுத்து அதன்மேல் வாசிக்கத் தொடங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை எவ்வளவு நிஜமோ, பாட்டு வளர்ந்தது மேடையில்தான், எழுதும் மேஜையில் இல்லை. வார்த்தைகள் உதிர்ந்தன. பாடகிக்கு வேலை இல்லாமல் போனது. சூ பெரியின் 'கிறிஸ்டோஃபர் கொலம்பஸ்' மெட்டு நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்க இடம் கிடைத்தது. 1937 மார்ச்சில் நியூயார்க் பாரமௌண்ட் தியேட்டரில் பையன்களும் பெண்களும் இருக்கைகளை விட்டு எழுந்து நடைபாதையில் ஆடிய காலம் அது, கூட்டம் விடவில்லை என்றால் குழுவும் விடாது, பாட்டு நீண்டுகொண்டே போனது.

இங்கேதான் தட்டுக்கும் பாட்டுக்கும் தகராறு தொடங்குகிறது. அன்றைய சாதாரண 10 அங்குல 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று) ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குள் முடிக்கத் தெரிந்தவன்தான் அந்தக் கால இசைக்காரன். இந்தப் பாட்டை அதற்குள் முடிக்க முடியாது, முடித்தால் அதில் ஒன்றுமே மிஞ்சாது. அதனால் 1937 ஜூலை 6-ம் தேதி ஹாலிவுட்டில் விக்டர் கம்பெனி ஒரு காரியம் செய்தது: வழக்கமாக மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்துக்கு ஒதுக்கும் 12 அங்குலத் தட்டை எடுத்து, அதன் இரண்டு பக்கத்திலும் இந்த ஒரே பாட்டைப் போட்டது. மொத்தம் 8 நிமிடம் 43 விநாடி. நடன இசைக்கு அது பெரிய ஆடம்பரம். அதே வரிசையில்தான் பன்னி பெரிகனின் 'ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்'டும் 12 அங்குலத்தில் வந்தது, அதுவும் தப்பாமல் கேட்க வேண்டிய பதிவு, ஆனால் இங்கே வேண்டாம், தனியாக எழுத வேண்டும்.

1937 பதிவு இந்தத் தொகுப்பில் இல்லை, கவனிக்கவும். அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அல்லது இணையத்தில் கேட்க வேண்டும். அதில் சத்தம் அருமை. தொடக்கத்தில் க்ருபாவின் டாம்-டாம் என்ற முரசு, அடித் தோல் அதிர்வது வயிற்றில் கேட்கும், அதன்மேல் டிராம்போன்கள் உறுமிக்கொண்டு வரும். ஒரு பக்கம் முடிவதும் டிரம்ஸில், திருப்பிப் போட்டால் தொடங்குவதும் டிரம்ஸில், அதனால் ஒட்டுப் போட்ட இடம் பெரிதாக உறுத்தாது, கெட்டிக்காரத்தனமாக வெட்டியிருக்கிறார்கள். வைடோ மூஸோ டெனர் சாக்ஸ், ஹாரி ஜேம்ஸ் டிரம்பெட், கடைசியில் குட்மன். எல்லாம் கச்சிதம். சில மலிவுத் தொகுப்புகளில் இதையே சுருக்கி நாலைந்து நிமிடமாக்கிப் போட்டிருப்பார்கள், நேரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அப்படியென்றால் கார்னகி ஹால் பதிவு எதற்கு? ஏனென்றால் 1937 பதிவு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தது. எட்டே முக்கால் நிமிடம் பெரிதுதான், இருந்தாலும் யார் எங்கே நிறுத்த வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. 1938-ல் யாரும் தட்டுக்காக வாசிக்கவில்லை, ஹால் நிறைந்த கூட்டத்துக்காக வாசித்தார்கள். பதிவானதே ஒரு துணைக்காரியம். ஆல்பர்ட் மார்க்ஸ் என்பவர், ஹெலன் வார்ட்டின் கணவர், மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கலாமே என்று சொந்தமாக ஏற்பாடு செய்தார். மேடைக்கு மேலே தொங்கிய மைக்கிலிருந்து கம்பி வழியாக ஒலியை வெளியே ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பி, அங்கே தட்டுகளில் வெட்டினார்கள். ஒரு பிரதி மார்க்ஸுக்கு, ஒரு பிரதி குட்மனுக்கு. குட்மனுடையது அவர் குடும்பத்து வீட்டு அலமாரியில் கிடந்து, 1950-ல்தான் வெளியே வந்தது.

அன்றைக்குப் பாட்டு எப்படிப் போயிற்று என்றால், இரண்டாவது சிடியின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் குழு வெகுநேரம் வாசித்துக் களைத்திருக்க வேண்டும், களைப்பு எங்கேயும் தெரியவில்லை. க்ருபா தொடங்குகிறார், 1937-ஐவிடக் கொஞ்சம் முரட்டுத்தனமாக. கச்சேரிக்கு முந்தின நாள்தான் அவருக்கு 29 வயது முடிந்தது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முக்கியமான உருப்படியோடு ஒருமுறை வரும், மிருதங்கக்காரர் அதுவரை பொறுத்திருப்பார். இங்கே அந்தப் பொறுமை கிடையாது, ஒருவர் வாசித்து முடித்ததும் திரும்ப டிரம்ஸ், அடுத்தவர், திரும்ப டிரம்ஸ், மொத்தக் குழுவும் அந்த டாம்-டாமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறது. பேப் ரஸ்ஸின் டெனர் சாக்ஸில் வருகிறார், ஹாரி ஜேம்ஸ் வந்து ஹாலைக் கிழிக்கிறார், பிறகு குட்மன். குட்மன் உச்சத்துக்குப் போகப் போக ஒலியைக் குறைக்கிறார். மேலே, இன்னும் மேலே, கடைசி ஸ்வரத்தை நூலாக இழுத்து நிறுத்துகிறார், கீழே க்ருபா மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே பாட்டு முடிந்திருக்க வேண்டும், முழுக்குழுவும் ஒரு சுற்று முழங்கிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. குட்மன் பியானோவில் உட்கார்ந்திருந்த ஜெஸ் ஸ்டேசியைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஸ்டேசி அதை எதிர்பார்க்கவில்லை. இந்தப் பாட்டில் பியானோவுக்குத் தனி இடமே கிடையாது, 1937 பதிவில் தேடினாலும் கிடைக்காது. மாலையில் பெரும்பாலும் அவர் செய்த வேலை பித்தளை வாத்தியங்களுக்குப் பின்னால் தாளம் கொடுத்தது. அவர் தொடங்கும்போது கேளுங்கள், முதலில் கொஞ்சம் தயங்கித் தயங்கி, ஒரே சுருதியைச் சுற்றி, கூட்டத்தைக் கிளப்பும் எண்ணமே இல்லாமல் வாசிக்கிறார். பன்னிரண்டு நிமிடப் பாட்டின் கடைசிப் பகுதியில், ஊரே கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குகிறார். தேவாலயத்தில் வாசிப்பவர் மாதிரியும் இருக்கும், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியை விரும்பிக் கேட்டவர் கை மாதிரியும் இருக்கும், நடுவில் சட்டென்று நல்ல ப்ளூஸ் ஒரு சிட்டிகை. க்ருபா அப்போது என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள்: ஒலியை இறக்கி, ஆனால் தாளத்தைத் தளர்த்தாமல், பின்னாலேயே நடந்து வருகிறார், விளம்பரப் பிரியர் என்று பெயரெடுத்த மனிதர் அந்த இரண்டு நிமிடம் முழுக்கத் தன்னை மறைத்துக்கொள்கிறார். அப்புறம்தான் கௌபெல் என்ற மணியின் சத்தம், முழுக்குழு, முடிவு, கூட்டத்தின் கூச்சல்.

இந்த இரண்டு நிமிடத்துக்காக மொத்தப் பெட்டிக்கும் பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இப்போது குறை. ஸ்டேசி வாசிக்கும்போது ஒலி தாழ்வதால் தட்டின் இரைச்சல் மேலே வந்து நிற்கிறது. தொகுப்பிலேயே மிக நல்ல இடத்தில் கரகரப்பு மிக அதிகமாகக் கேட்கிறது. காரணம் ஷாப் எடுத்த முடிவு. மூலத்தட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தருவது, இரைச்சலை வடிகட்டினால் இசையிலும் ஒரு பங்கு போய்விடும், அதனால் கை வைக்க மாட்டேன் என்பது அவர் கொள்கை. கொள்கை புரிகிறது. வடிகட்டி வடிகட்டி ஹாலின் காற்றையே உறிஞ்சிவிட்ட பழைய பதிவுகளை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன், சிம்பல் எல்லாம் ஈரத்துணி போட்டு மூடியதாக இருக்கும். ஆனால் கொள்கைக்கும் பிடிவாதத்துக்கும் நடுவில் இடம் இருக்கிறது. தனித்தனியாக விழும் 'டப், டப்' கீறல்களை ஒவ்வொன்றாக எடுத்திருக்கலாம், அதனால் இசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கான வசதி 1999-ல் இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை, 1950-ல் நாடாவுக்கு மாற்றியபோது அந்தத் தட்டுகளுக்கு வயது பன்னிரண்டுதான். ஷாப் கைக்கு வரும்போது அறுபது. அதனால் பழைய எல்பியை, அல்லது அதிலிருந்து வந்த பழைய சிடியைக் கேட்பவர்கள் "எங்களுடையதுதான் காதுக்கு இதம்" என்று சண்டைக்கு வருவார்கள், அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய எல்பியில் இரைச்சல் குறைவு. ஆனால் அடித்தொனியும் ஹாலின் அகலமும் 1999 பதிப்பில்தான் எனக்குக் கிடைத்தது. க்ருபாவின் பேஸ் டிரம் எங்கே இருக்கிறது, டிரம்பெட் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது இதில் தெரிகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் இரைச்சல் தலைவலி, ஒரு நல்ல ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால் பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். ஸ்பீக்கர்தான் என் சிபாரிசு, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு.

எல்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 33⅓ சுற்று எல்பியைக் கொலம்பியா கொண்டுவந்தது 1948-ல். அதுவரை இந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டாமல் விற்க ஒரு பண்டமே சந்தையில் இல்லை. 12 அங்குல 78-ல் போட்டிருந்தாலும் மூன்று பக்கம், பாட்டு துண்டு துண்டாக அறுபட்டிருக்கும். தட்டுகள் அலமாரியில் தூங்கியது ஒருவகையில் நல்லதே, எழுந்தபோது படுக்கை நீளமாகிவிட்டிருந்தது. ஆனாலும் 1950 எல்பியிலும் எல்லாம் அடங்கவில்லை: 'சம்டைம்ஸ் ஐயம் ஹாப்பி', 'இஃப் ட்ரீம்ஸ் கம் ட்ரூ' இரண்டும் விடுபட்டன, 'ஹனிசக்கிள் ரோஸ்' கூட்டு வாசிப்பில் சிலருடைய தனிப்பகுதிகளைக் கத்தரித்துவிட்டார்கள். 1999 பதிப்பில் அவை எல்லாம் திரும்ப வந்துவிட்டன, ஷாப்புக்கு அதற்காக ஒரு கும்பிடு.

கும்பிடு போட்ட கையோடு திட்டும் ஒன்று. கைதட்டலையும் மேடையில் நாற்காலி நகர்த்தும் சத்தத்தையும்கூடத் தனித்தனி டிராக்காகப் போட்டிருக்கிறார். வரிசையாகக் கேட்டால் கச்சேரியில் உட்கார்ந்த மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. கணினியில் ஏற்றிக் கலைத்துப் போட்டுக் கேட்பவர்களுக்கு, இரண்டு பாட்டுக்கு நடுவில் திடீரென்று யாரோ கைதட்டிவிட்டுப் போவார்கள். ஏற்றும்போதே அந்த டிராக்குகளை நீக்கிவிடுங்கள்.

மற்றப் பாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. 'டோன்ட் பி தட் வே' நல்ல தொடக்கம், முதலில் குழு நடுங்குகிறது, க்ருபா ஒரு அடி போட்டதும் கூட்டம் எழுகிறது, குழுவும் நிமிர்கிறது. இருபது ஆண்டு ஜாஸ் வரலாறு என்று பழைய பாணிகளை வாசித்துக் காட்டும் பகுதி பள்ளி ஆண்டுவிழா மாதிரி நீட்டல், தாண்டிவிடலாம். டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் இருவரும் சேரும் சிறுகுழுப் பாட்டுகள் மொத்தமும் தங்கம். கௌண்ட் பேஸி, லெஸ்டர் யங், எலிங்டன் குழுவிலிருந்து ஜானி ஹாட்ஜஸ், கூட்டி வில்லியம்ஸ், ஹாரி கார்னி என்று கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்தார்கள், 1938 அமெரிக்காவில் அது சாதாரணம் இல்லை. 'ஹனிசக்கிள் ரோஸ்' முழுசாக வந்ததில் சந்தோஷம், ஆனால் உண்மையைச் சொன்னால் நீளம் ஜாஸ்தி, லெஸ்டர் யங் வாசிக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு நான் அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

இந்தக் கச்சேரி நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் மாதத் தொடக்கத்திலேயே க்ருபா குட்மனை விட்டுப் பிரிந்து சொந்தக் குழு தொடங்கினார். குட்மன் அதற்குப் பிறகும் இந்தப் பாட்டைப் பல காலம் வாசித்தார், டிரம்ஸில் வேறு வேறு பேர். நான் கேட்ட வரையில் எல்லாரும் க்ருபா மாதிரி வாசிக்கப் பார்க்கிறார்கள், அதுவே பிரச்சினை.

வாங்குகிறவர்களுக்கு: முதலில் 1937 விக்டர் பதிவு, முழு எட்டே முக்கால் நிமிடமும் உள்ளதா என்று பார்த்து. அது பிடித்தால் ப்ரீமாவின் 1936 பதிவை ஒருமுறை இணையத்தில் கேளுங்கள், அதை வாங்கத் தேவையில்லை. அப்புறம் இந்த 1999 பெட்டி. பழையது வாங்கினால் இரண்டாவது சிடியின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பாட்டு இருப்பது அதில்தான், சிடியின் வெளி ஓரத்தில், கீறல் சுலபமாக விழும் இடத்தில்.